கார்டா, எலிசாவா, பிசிஆரா: கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால்

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன் பக்கம் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு அபூர்வம். டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். போன மழைக்காலத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் தம்பி மனைவிக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் பக்கத்து லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தார்கள். என்.எஸ்.1 மட்டும். "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று சீட்டு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் டாக்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?" லேபில் கருவி வைத்துப் பார்க்கும் ஐ.ஜி.எம். எலிசா டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பாசிட்டிவ்.

எது சிறந்த டெஸ்ட் என்ற கேள்விக்கு விடை நாள்கணக்கில்தான் இருக்கிறது. என்.எஸ்.1 என்பது வைரஸ் விடும் புரதம். முதல் 5 நாளுக்குள் தேடினால் கிடைக்கும், அப்புறம் மங்கிவிடும். ஐ.ஜி.எம். நம் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள். கிட்டத்தட்ட 5ஆம் நாளுக்குப் பிறகே தலைகாட்டும். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்.எஸ்.1 சீக்கிரம் மறைவதும் உண்டு, அவரிடம் நெகட்டிவை நம்பவே கூடாது. கார்டு அரை மணி நேரத்தில் பதில் சொல்லும், ஆனால் அரசின் டெங்குத் திட்டம் உறுதி செய்ய எலிசாவைத்தான் ஏற்கிறது. விலையும் தடையில்லை: 2024இல் கர்நாடக அரசு எலிசா ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய், கார்டுக்கு 250 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்கு நான் எலிசா பக்கம்.

பிசிஆர் எதற்கு என்றால், ஜிகாவுக்கு. டெங்கு தாயைப் படுத்தும். ஜிகா தாயைத் தொடாமல் பிள்ளையைத் தொடும். தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே இருக்காது. கருவின் மூளை வளர்ச்சி குன்றித் தலை சிறுத்துப்போகும் ஆபத்து மட்டும் இருக்கும். 2024இல் புனேயில் தொற்றியவர்களில் கர்ப்பிணிகள் பலர். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரை ஒட்டிய ஜிகணியிலும் ஜிகா உறுதியானது. இங்கே எலிசா நம்மைக் குழப்பும்: டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றின் எதிர்ப்பொருள் இன்னொன்றின் டெஸ்டிலும் பாசிட்டிவ் காட்டும், மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். பிசிஆர் வைரஸின் மரபணுவையே தேடுகிறது. ரத்தத்தோடு சிறுநீரும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் மறைந்த பிறகும் சிறுநீரில் சில நாள் தென்படும். உறுதியானால் மாதாமாதம் ஸ்கேனில் குழந்தையின் தலை வளர்ச்சியைப் பார்ப்பார்கள். கணவருக்குத் தொற்று இருந்தால் பிரசவம்வரை ஆணுறை அவசியம். ஜிகா அந்த வழியாகவும் பரவும். இதைச் சொல்ல டாக்டர்களே சில நேரம் தயங்குகிறார்கள்.

அடுத்த பிரச்சினை வீடா, ஆஸ்பத்திரியா. "பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறதே, எதற்கு அட்மிஷன்?" என்று என் தம்பி வாதாடினான். மற்றவர்களுக்குச் சரி. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், கர்ப்பிணி என்பதே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கப் போதுமான காரணம். காரணமும் எளிது. டெங்குவில் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிவதை, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. ஏறுவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். கர்ப்பத்தில் ரத்தம் ஏற்கெனவே நீர்த்து பி.சி.வி. குறைந்திருக்கும், நாடித்துடிப்பும் கொஞ்சம் கூடியே இருக்கும். அதனால் கசிவு ஆரம்பித்தாலும் எண்கள் இயல்பாகத் தெரியும். காய்ச்சல் இறங்கிய அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வீட்டிலோ "காய்ச்சல் விட்டுடுச்சு, ரசம் சாதம் கொடு" என்பார்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, எந்த இடத்திலாவது ரத்தக்கசிவு, சிறுநீர் குறைவது, குழந்தை அசைவு குறைவது என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் நடுராத்திரியானாலும் ஆட்டோ பிடியுங்கள்.

மருந்தில் பாரசிட்டமால் ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் வராமலிருக்க ஈகோஸ்பிரின் சாப்பிடும் கர்ப்பிணிகள் நிறைய. அது ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின்தான், அட்மிஷன்போதே சொல்லிவிட வேண்டும். பப்பாளி இலைச்சாறு? கர்ப்பிணிக்குப் பப்பாளித் துண்டே தராத வீடுகளில் இலையை அரைத்துக் கொடுப்பதை என்னவென்று சொல்வது.

அரசா தனியாரா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிகளான வாணி விலாஸிலோ சிவாஜிநகர் கோஷாவிலோ கூட்டமும் காத்திருப்பும் உண்டு, ஆனால் பிரசவம் பார்ப்பதே அவர்கள் வேலை. தனியாரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கேள்வி போதும்: ராத்திரியில் மகப்பேறு டாக்டர் இருப்பாரா, ரத்த வங்கி எங்கே?

பிரசவத் தேதி நெருங்கியிருந்தால் கணக்கு மாறும். டெங்குவில் அறுவையின்போது ரத்தப்போக்கு பயம். சிக்குன்குனியாவில், அம்மாவின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும்போது பிரசவமானால் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குத் தொற்றும். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தைக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வரும். அதனால் தாய்க்கு அந்தச் சமயம் காய்ச்சல் இருந்ததை, பிள்ளையைப் பார்க்கும் குழந்தை டாக்டரிடமும் சொல்ல வேண்டும். மகப்பேறு டாக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.