கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சிக்கு: தனி விமானமா, வானா, கோச்சியா?

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து அண்ணை வாட்ஸப்பில் எடுத்தார். பெரியம்மாவின் மகன். ஆகஸ்டில் ஆறு பேராக வருகிறார்கள். பெரியம்மாவுக்கு 82 வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை.

"தங்கச்சி, இருபது மணித்தியாலம் பறந்து வாற மனுசியை இன்னும் ஏழு மணித்தியாலம் வானுக்குள்ள இருத்தேலாது. காசைப் பற்றி யோசியாதை. கட்டுநாயக்காவில இருந்து ஒரு பிளேனை எங்களுக்கெண்டே பிடிச்சா என்ன?"

கேள்வி நியாயமானது. கிளிநொச்சி உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்தாறு வீடுகளுக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லா வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். அதனால் இரண்டு கிழமையாக விசாரித்ததை முழுசாக எழுதுகிறேன்.

அண்ணையின் மனதில் இருந்தது ஜெட். அவருடைய கூட்டாளி ஒருவரின் குடும்பம் ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ஜெட் ஒன்றை ஹயர் பிடித்துப் போயிருக்கிறது. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே நாட்டுக்குள் 3,350 கிலோமீற்றரளவு தூரம், சாதாரண விமானத்தில் ஏறினாலும் ஐந்து மணித்தியாலம். தனி ஜெட் அதைவிட வேகமாகப் பறப்பதில்லை, கிட்டத்தட்ட அதே வேகம்தான். மிச்சமாவது காத்திருப்பு. இரண்டு மணித்தியாலம் முன்னுக்குப் போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை, புறப்படும் நேரத்தை நீங்களே சொல்லலாம், பெட்டி கூடவே வரும்.

அங்கேயும் எந்த ஜெட் என்பதில் கவனம் வேண்டும். ஃபீனம் 300 போன்ற சிறிய ஜெட் ஆறேழு பேரை வசதியாக ஏற்றும். ஒரே மூச்சில் 3,700 கிலோமீற்றர் போகும் என்பது கணக்கு. ஆனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்று. மாரியில் அது பலமாக அடித்தால் வினிப்பெக் மாதிரி இடத்தில் இறங்கி எண்ணெய் அடிக்கவேண்டி வரலாம். சலஞ்சர் 350 போன்ற அடுத்த அளவு ஜெட் 5,900 கிலோமீற்றர் போகும், உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், காசும் அதற்கேற்ப ஏறும். மணித்தியாலக் கணக்கில் சொல்லும் தொகைக்கு மேல் தரையிறங்கும் கட்டணம், விமானிகள் இரவு தங்கும் செலவு, பனிக்காலத்தில் இறக்கையின் பனி நீக்கும் செலவு என்று சேரும். விமானம் வெறுமையாகத் திரும்பும் ஓட்டத்தையும் நீங்கள்தான் கட்டவேண்டும். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறி வெறுமையாக வரும்போது குறைந்த கூலிக்குச் சாமான் ஏற்றுமே, அதுபோல வெறும் ஓட்டத்தில் ஏறிக்கொண்டால் மலிவு. ஆனால் அந்த நாளும் நேரமும் அவர்களுடையவை.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வானத்தால் 290 கிலோமீற்றரளவுதான். ஜெட் மேலே ஏறி முடிக்கமுதல் இறங்கத் தொடங்கவேண்டிய தூரம். இங்கே உள்நாட்டில் ஹயருக்குப் பிடிக்கக் கூடியது பெரும்பாலும் செஸ்னா கரவான் வகை, எட்டுப் பேரளவில் ஏற்றும் ஒற்றை எஞ்சின் விசிறி விமானம். அதில் பலாலிக்கு ஒரு மணித்தியாலமளவு. பலாலி யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்ரோபர் 17 இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே வருவதும் ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம்தான். ஆகவே ஜெட்டை விட்டுவிடுங்கள், அண்ணையிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

சரி, கரவானைப் பிடித்தால்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிளிநொச்சியை விட நாற்பது ஐம்பது கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது பலாலி. விமானம் வன்னியைத் தாண்டிப் போய் இறங்கும். பிறகு நாங்கள் வானில் ஏறி, சாவகச்சேரி, ஆனையிறவு, பரந்தன் என்று எண்பது கிலோமீற்றரளவு தெற்கே திரும்பி வரவேண்டும். அதற்கே இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவுக்காரர் பரந்தனிலிருந்து இன்னும் ஐம்பது கிலோமீற்றர் கிழக்கே போகவேண்டும். வவுனியாக்காரருக்குப் பலாலியில் இறங்குவதில் அர்த்தமே இல்லை. அவர்களுக்கு திருகோணமலை சீனக்குடா விமான நிலையம்தான் கிட்ட, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றருக்குள் வரும்.

வன்னிக்குள் ஓடுபாதை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரணைமடுவில் போர்க்காலத்தில் கட்டப்பட்ட ஓடுபாதை 2009 முதல் விமானப்படையிடம் இருக்கிறது. வவுனியாவிலும் விமானப்படைத் தளம் உண்டு. உருத்திரபுரத்திலிருந்து இரணைமடுவுக்கு மோட்டார்சைக்கிளில் போய்வரலாம். அங்கே ஒரு சிறிய பொதுச்சேவை இறங்கினால் இந்தக் கட்டுரையையே நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அது நடக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இன்றைக்கு அது சாதாரண ஆள் ஹயர் பிடித்து இறங்கும் இடமில்லை.

அடுத்தது, யாரும் முதலில் நினைக்காத விசயம்: பெட்டி. கனடாவிலிருந்து வருபவர் ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு கொண்டுவருவார். ஆறு பேருக்கு 276 கிலோ. சிறிய விமானங்களில் ஆளுக்கு 20 கிலோவளவுதான் வழமையாக விடுவார்கள். மிச்சத்தை என்ன செய்வது? வான் பிடித்து அனுப்பவேண்டும். அந்த வான் கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சி வரை எப்படியும் ஓடத்தான் போகிறது, அதே ஆறரை ஏழு மணித்தியாலம். பலாலியில் உங்களை ஏற்ற இன்னொரு வான். ஆக, ஒரு விமானமும் இரண்டு வானும்.

பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்கு முடிவு தெளிவானது. கரவானுக்குள் உயரம் 1.37 மீற்றர். வளர்ந்த ஆள் குனிந்துதான் போகவேண்டும். ஏறும் படி ஒடுக்கமும் செங்குத்தும். கழிப்பறை இல்லை. அண்ணை சுகத்துக்காகக் கேட்கிறார், ஆனால் முழங்கால் மடக்கமுடியாத ஒரு மனுசிக்கு உயர்ந்த கூரை வைத்த கே.டி.எச். வானில் ஏறுவதைவிட இது கஷ்டம். வானில் நினைத்த இடத்தில் நிற்பாட்டலாம், இறங்கி நாலு எட்டு நடக்கலாம். நீண்ட பறப்புக்குப் பிறகு காலில் இரத்தம் கட்டாமல் இருக்க அந்த நடை வயதானவர்களுக்கு அவசியம்.

நேரத்தைக் கணக்கிட்டால் இப்படி வருகிறது. அண்ணையாட்களின் விமானம் இரவு 9.40 க்கு இறங்குகிறது. வளைகுடா வழியாக வரும் பல விமானங்கள் இரவிலும் விடியப்புறமும்தான் வருகின்றன. ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பகலில் மட்டும் பிடிப்பதே புத்தி. ஆகவே எப்படியும் நீர்கொழும்பில் ஓரிரவு. மறுநாள் காலை 9 மணிக்குப் பறந்தால் 10 க்குப் பலாலி, மதியம் பன்னிரண்டரைக்கு வீடு. வானில் காலை 7 மணிக்கு வெளிக்கிட்டால், சாப்பாடு இடைநிறுத்தம் எல்லாம் சேர்த்து 3 மணிக்கு வீடு. வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். வான் கூலியைப் போலப் பல மடங்கு காசு அதற்குத்தான் போகிறது.

ஹெலியைப் பற்றியும் கேட்டார். வீட்டுக்குப் பக்கத்துத் திடலிலேயே இறங்கலாம் என்பது அதன் பலம். ஆனால் இறங்குமிடத்துக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். சிறிய ஹெலியில் மூன்று நாலு பேர்தான், எனவே இரண்டு ஓட்டம். இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வயதானவர்களுக்கு ஹெலிச் சத்தம் இன்னும் வேறு ஒரு காலத்தின் சத்தம். பக்கத்து வீட்டு ஆச்சி அதைக் கேட்டால் இன்றைக்கும் உள்ளே போய்விடுவார். ஊரின் நடுவில் அதைக் கொண்டுவந்து இறக்க எனக்கு மனமில்லை.

கோச்சியை நான் எப்போதும் விரும்புவேன். 1990 இல் நின்றுபோன வடக்குப் பாதையில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது ஸ்ரேசனில் நின்ற சனத்தில் நானும் ஒருத்தி. ஒற்றையாளாக, ஒரு பையோடு வருகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. காசும் குறைவு, பாதுகாப்பும் கூட. ஆனால் ரயில் ஏற கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போவது எதிர்த்திசையில் போவது. பன்னிரண்டு பெட்டியோடும் ஒரு நோயாளியோடும் கோட்டை ஸ்ரேசனில் மேடை மாறி ஏறுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆகஸ்டில் ஆசனமும் கெதியாக முடிந்துவிடும். பாதை வேலை, வெள்ளம் என்று ஓட்டம் மாறுவதும் உண்டு, கிளம்பமுதல் ஒருக்கா விசாரியுங்கள்.

சென்னை வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024 செப்டெம்பர் 1 இலிருந்து இண்டிகோவும் சென்னை–பலாலி ஓடுகிறது. ஐரோப்பாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ சிறு பெட்டியோடு வருகிறவருக்கு, தனி விமானம் தரும் அதே வசதி சாதாரண டிக்கற் காசில் கிடைக்கிறது. நேராகப் பலாலியில் இறங்குவீர்கள், கொழும்புப் பக்கமே வரத் தேவையில்லை. கஷ்டம் என்னவென்றால், தனித்தனி டிக்கற் எடுத்தால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும், இந்திய விசா வேண்டும். பெரியம்மாவுக்கு அது சரிவராது. அண்ணையின் மகன் தனியாக வந்தால் அதைத்தான் சொல்லுவேன்.

வானைப் பற்றி நல்லது மட்டும் சொல்லி விடமுடியாது. இந்த ஒப்பீட்டில் ஆபத்து எங்கே என்று கேட்டால் நான் இரவு வானைத்தான் காட்டுவேன். சில வருசத்துக்கு முன்பு நான் கூட்டிவரப் போன வானின் சாரதி, அன்று காலையும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தவர், மதவாச்சிக்குக் கிட்ட விடியப்புறம் மூன்று மணிக்குக் கண் அயர்ந்துவிட்டார். வான் வீதியை விட்டு இறங்கி ஒரு வரம்பில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு விமான நிலையத்திலிருந்து இரவோடு இரவாக வருவதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் யானையும் வீதியில் ஏறும், ஓமந்தைக்கு இந்தப் பக்கம் மாடு படுத்திருக்கும். சாரதி முதல்நாள் இரவு நித்திரை கொண்டாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவரையும் நீர்கொழும்பில் தங்கவைத்து அறைக் காசு கொடுங்கள். தனி விமானத்துக்கு வைத்திருந்த காசில் அது ஒரு சிறு துண்டு.

அப்போ தனி விமானம் ஒருத்தருக்கும் வேண்டாமா? வேண்டும், ஒரு நேரத்தில். செத்தவீடு. எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை வைத்துக் காத்திருப்பார்கள். காலையில் கட்டுநாயக்காவில் இறங்கி, பின்னேரம் கிரியைக்கு நிற்கவேண்டிய மகனுக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் எல்லாமும்தான். அவர் கையில் ஒரு பைதான் இருக்கும், அன்று காசை எண்ணவேண்டாம். அப்படிப் பிடிப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை கொடுத்த இயக்குநர் சான்றிதழ் இருக்கிறதா, சொல்லும் தொகையில் திரும்பும் வெறும் ஓட்டமும் அடங்குமா, காலநிலையால் பறக்கமுடியாவிட்டால் காசு திரும்புமா. மூன்றாவது கேள்வி ஐப்பசி முதல் மார்கழி வரை மிக முக்கியம், அந்த மழைக்குள் சின்ன விமானம் புறப்படுமென்று நம்பி எதையும் ஒழுங்கு செய்யாதீர்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு போனைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அவ கேட்டது ஒன்றுதான். "பிள்ளை, முறிகண்டியில நிப்பாட்டுவினமோ?"

வானில் வந்தால் மாங்குளம் தாண்டி முறிகண்டிப் பிள்ளையார் வழியில் வருவார். கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் எங்கள் சனம் அந்த இடத்தைக் கடக்கும். பலாலியால் வந்தால் பரந்தனோடு கிளிநொச்சி வந்துவிடும், முறிகண்டி இன்னும் தெற்கே நின்றுவிடும்.

கே.டி.எச். வானுக்கு முற்பணம் கட்டிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கதவுக்குப் பக்கத்து ஆசனம், கால் நீட்ட முன்னால் இடம். ரொறன்ரோவிலிருந்தே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதியும்படி அண்ணையிடம் சொல்லியிருக்கிறேன். காலை 7 மணிக்கு நீர்கொழும்பு, மதியச் சாப்பாடு அனுராதபுரத்தில்.