ஜோனதன் டெய்லர், விஸ்கான்சின் 2017–2019: ஓட்டத்துக்கு முழு மதிப்பெண், பந்து நழுவலுக்குக் கழிவு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்கன் ஃபுட்பாலில், கல்லூரிகளின் முதல்நிலைப் பிரிவில், முதல் மூன்று சீசனுக்குள் டெய்லர் அளவுக்கு ஓடி யார்டு சேர்த்த ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) வேறு யாரும் இல்லை. அதே சமயம், பந்தைக் கையை விட்டு நழுவவிடும் கோளாறை அவர் கடைசி சீசன் வரை சரிசெய்யவும் இல்லை. முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவரைத் தலையில் தூக்கி வைப்பவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு தட்டிக்கழிப்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

41 ஆட்டம், 926 ஓட்டம், 6,174 யார்டு, ஓடி எடுத்த டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டுவது) 50. ஓட்டத்துக்குச் சராசரி 6.7 யார்டு. முதல் சீசனில் 1,977 யார்டு எடுத்தபோதே, ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் 2004-இல் வைத்த அதிகாரபூர்வ முதலாண்டு மாணவர் சாதனையான 1,925 உடைந்தது. 2018-இல் 2,194, 2019-இல் 2,003. முதல்நிலைப் பிரிவின் அதிகாரபூர்வக் கணக்கில், இரண்டு சீசனில் 2,000 யார்டைத் தாண்டியவர் இவருக்கு முன் ஐயோவா ஸ்டேட்டின் டிராய் டேவிஸ் ஒருவர்தான். நாட்டின் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருது 2018, 2019 என அடுத்தடுத்துக் கிடைத்தது.

இதே கல்லூரியில் 1996–99-இல் ஆடிய ரன்னிங் பேக் ரான் டேனோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேனின் நான்கு சீசனுக்கு 7,125 என்றும் 6,397 என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களின் புள்ளிகளைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 2002 முதல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்தது. அதற்கு முன் ஆடிய டேனுக்கு அவை கழிக்கப்பட்டன. டெய்லரின் 6,174-இல் பௌல் ஆட்டங்களும் அடக்கம். ஆகவே அதை 7,125-க்குப் பக்கத்தில் வைப்பதுதான் நியாயம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். விஸ்கான்சின் பழைய பாணி அணி. குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை வீசுபவர், ஓடுபவர் கையில் கொடுப்பவர்) பின்னால் ஃபுல்பேக் (முன்னே ஓடி வழி திறப்பவர்), அவருக்கும் பின்னால் டெய்லர். அடிக்கடி போட்ட ஓட்டத் திட்டங்களில் ஒன்று 'பவர்'. ஓட்டம் போகும் பக்கத்து லைன்மேன்கள் (முன்வரிசைத் தடுப்பாளர்கள்) எதிரிகளை உள்பக்கமாகத் தள்ளுவார்கள். ஓரத்தில் நிற்பவரை ஃபுல்பேக் வெளியே முட்டித் தள்ளுவார். மறுபக்கத்து கார்டு (முன்வரிசையில் மையத்தை ஒட்டி நிற்பவர்) எழுந்து சுற்றி வந்து, திறந்த இடைவெளிக்குள் முதல் ஆளாக நுழைவார். ரன்னிங் பேக்கின் வேலை அந்த கார்டின் இடுப்பை ஒட்டியே போவது. அவசரப்பட்டு முந்தினால், கார்டு தடுக்க வேண்டிய லைன்பேக்கர் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்) நேராக நம் ஆளின் மார்பில் வந்து விழுவார். 100 மீட்டர் ஓட்டத்தில் நியூ ஜெர்சி மாநில சாம்பியனான ஒருவருக்கு இந்த இடத்தில் வேகத்தை அடக்குவது சுலபமில்லை. டெய்லர் அடக்கினார். இடைவெளி வரும்வரை அரை வேகம், வந்த மறு நொடி முழு வேகம். அவரிடம் ரசிக்க வேண்டியது இந்த கியர் மாற்றத்தைத்தான். துள்ளி ஏமாற்றும் வித்தை, சுழன்று திரும்பும் அலங்காரம் எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

'அவுட்சைடு ஸோன்' திட்டத்திலும் இதே பொறுமை. மொத்த லைனும் ஒரே பக்கமாக நகர, இவர் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து ஓடுவார். ஓரத்து டிஃபென்டர் வெளியே நின்றுவிட்டால் உள்ளே ஒரு வெட்டு. உள்ளே அடைபட்டால் வெளியே சுற்று. வெட்டு சீக்கிரம் வந்தால் லைன்பேக்கர் அடைத்துவிடுவார், தாமதமானால் பின்னாலிருந்து துரத்துபவர் பிடித்துவிடுவார்.

லைன் நல்ல லைன், யார் ஓடினாலும் யார்டு வரும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2018 லைனில் டீட்டர், பென்ஷாவெல், எட்வர்ட்ஸ், பியாடாஸ் என்று வரிசையாகப் பெரிய பெயர்கள். முன்னால் ஃபுல்பேக் இங்கோல்ட். அந்த ஆண்டு சராசரி 7.1. பியாடாஸ் தவிர மற்ற நால்வரும் போனபின் 2019-இல் 6.3. சரிவு தெரிகிறது. ஆனால் 6.3-உம் லேசுப்பட்டதல்ல, அதுவும் 320 ஓட்டத்துக்கு. 2019-இல் ஒஹாயோ ஸ்டேட்டோடு நடந்த இரண்டு ஆட்டங்கள் இதற்கு நல்ல சோதனை. அக்டோபரில் 20 ஓட்டத்தில் 52 யார்டு. தடுப்பு உடைந்தால் இவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிசம்பரில் பிக் டென் (விஸ்கான்சின் ஆடும் லீக்) இறுதியில் அதே அணி, அதே 20 ஓட்டம், 148 யார்டு. இரண்டிலும் தோல்வி என்பது வேறு விஷயம்.

பந்தை வாங்கும் வேலையில் முதல் இரண்டு சீசனுக்கு 16 கேட்ச்தான். கை சரியில்லை என்று அப்போது பலர் முடிவுகட்டினார்கள். மூன்றாவது சீசனில் அதிகம் வீசினார்கள். 26 கேட்ச், 252 யார்டு, 5 டச்டவுன். பயன்படுத்தாதது பயிற்சியாளர்களின் தேர்வு.

குறைக்கு வருவோம். மூன்று சீசனில் 18 ஃபம்பிள் (பந்தை நழுவவிடுதல்), அதில் 15 எதிரணி கையில். கேட்ச்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 54 முறை பந்தைத் தொட்டதற்கு ஒன்று. ஆட்டத்துக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு முறை பந்து கொடுக்கப்படும் ஆளுக்கு இது மிக அதிகம். பந்தின் முன்முனையை விரல்கள் மூட வேண்டும், பின்முனை முழங்கை மடிப்பில் பதிய வேண்டும், முன்கை மேலே படிய வேண்டும், மொத்தமும் விலாவோடு ஒட்ட வேண்டும். திசை மாற்றும்போதும் முழு வேகம் எடுக்கும்போதும் சமநிலைக்காகக் கை விலாவை விட்டு விலகும். கைவீசி ஓடிப் பழகிய தடகள வீரருக்கு இது இன்னும் இயல்பாக வரும். முதல் டிஃபென்டர் கட்டிப்பிடித்திருக்க, இரண்டாமவர் பின்னாலிருந்து குத்துவது அந்த இடைவெளியில்தான். 2019 அக்டோபரில் இல்லினாயிடம் 24–23 என்று விஸ்கான்சின் தோற்ற ஆட்டத்தில் டெய்லர் 132 யார்டு எடுத்தார். அதே ஆட்டத்தின் பின்பாதியில் அவர் நழுவவிட்ட பந்து எதிரணிக்கு டச்டவுனாகப் போனது. ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் அதன் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை.

2020-இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் தேர்வு முகாமில் 226 பவுண்டு உடம்போடு 40 யார்டை 4.39 விநாடியில் ஓடியும், இண்டியானாபோலிஸ் அணி வீரர் தேர்வில் அவரை இரண்டாம் சுற்றில் 41-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. ரன்னிங் பேக்குக்கு முதல் சுற்றைச் செலவழிக்க அணிகள் தயங்கும் காலம் அது. கல்லூரியிலேயே 926 முறை அடிவாங்கிய உடம்பு, அதோடு இந்த ஃபம்பிள் கணக்கு. அடுத்த ஆண்டே, 2021-இல், 1,811 யார்டுடன் அவர் லீகின் முதலிடத்துக்கு வந்தபோது மற்ற அணிகள் என்ன நினைத்தனவோ!

பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் பர்டியூ 2018-இல் தொடங்கலாம்: 33 ஓட்டம், 321 யார்டு, மூன்றாவது கூடுதல் நேரத்தில் 47–44 என்று முடித்துவைத்த டச்டவுனும் அவருடையதே. அடுத்தது மிச்சிகன் 2019. 72 யார்டு டச்டவுன் ஓட்டத்தோடு முதல் கால்பகுதியிலேயே 143 யார்டு. வெறும் ஹைலைட் தொகுப்பு வேண்டாம். அதில் நீண்ட ஓட்டங்கள் மட்டும்தான் இருக்கும். மூன்று யார்டு, நான்கு யார்டு ஓட்டங்களில் கார்டின் இடுப்பை ஒட்டி அவர் காத்திருப்பதைப் பார்க்க முழு ஆட்டத்தையும் ஓடவிட வேண்டும்.