மூட்டுவாதத்துக்கு ‘90 நாள் பேலியோ பேக்கேஜ்’: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி அரிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்; சரவாங்கி என்பதும் இதுவே), யூரிக் ஆசிட், இடுப்புப் பிடிப்பு எதுவாக இருந்தாலும் சோற்றை நிறுத்தி நெய்யும் கறியும் சாப்பிட்டால் 90 நாளில் மாத்திரையே வேண்டாம் என்பது விளம்பரம். முதலில் இலவச முகாம். பிறகு பதிவுக் கட்டணம், மூன்று டப்பா சூரணம், செக்குத் தேங்காய் எண்ணெய், அவர்கள் சொல்லும் லேபில் ரத்தப் பரிசோதனை என்று கூட்டினால் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. பணம் கட்டி ஏமாந்த மூன்று குடும்பங்கள் காட்டிய டப்பா, உணவுச் சீட்டு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வைத்தே இதை எழுதுகிறோம். அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை மோசடி இல்லை. உடல் எடையும் சர்க்கரையும் கூடியவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். எடை குறைந்தால் மூட்டின் சுமை குறைகிறது, ஈரல் கொழுப்பு கரைகிறது, முடக்குவாத மருந்துகளும் கூடுதலாகப் பலன் தருகின்றன. மோசடி நடந்தது வேறு இடங்களில்: மருந்தை நிறுத்தச் சொன்னதில், சர்க்கரை மாத்திரை எதுவென்று கேட்காமலே சோற்றை நிறுத்தியதில், டப்பாவுக்குள் இருந்ததில்.

முதல் குடும்பத்து ஆச்சிக்குப் பல வருட முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினம் ஹைட்ராக்சிக்குளோரோகுயின் என்று சீராகப் போய்க்கொண்டிருந்தது. முகாமில், ‘மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்து, ஈரலைத் தின்றுவிடும்’ என்று பயமுறுத்தி நிறுத்தவைத்தார்கள். புற்றுநோய்க்கும் அந்த மருந்து உண்டுதான். ஆனால் அங்கே அளவு மிக மிகப் பெரிது. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். ஈரலைக் கவனிக்கத்தான் ரத்த அணுக்கள், ஈரல் நொதிகள், கிரியாட்டினின் மூன்றையும் ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வாரம் ஒருமுறை போடவேண்டியதைத் தவறுதலாகத் தினமும் போட்டுவிடுவது. அது உயிரையே வாங்கும். டப்பாவின் மேல் ‘வியாழன் மட்டும்’ என்பதுபோல் கிழமையைத் தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள்.

சூரணம் தொடங்கிய மூன்றாம் நாளே ஆச்சிக்கு வலி போய்விட்டது. காலையில் ஒரு மணி நேரம் மடங்காத விரல்கள் மடங்கின, பசியும் நன்றாக எடுத்தது. குடும்பமே கும்பிட்டது. இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

உணவு மாற்றமோ மூலிகையோ முடக்குவாத வலியை மூன்று நாளில் இப்படித் துடைத்துப் போட்டுவிடாது. அப்படிச் செய்யக்கூடியது ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்றவற்றையும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளையும் பொடித்து மூலிகைச் சூரணத்தில் கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்ட கள்ளத்தனம். அடையாளங்கள் இவை: வலி இரண்டு மூன்று நாளில் மாயமாகும். முகம் உப்பிப் பளபளக்கும். தூக்கம் கெடும், பசி கூடும். ரத்த அழுத்தம் ஏறும். கைபட்ட இடமெல்லாம் தோல் கன்றிப்போகும். சோறே சாப்பிடாதபோதும் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் ஓரளவு சரியாக இருந்து, மதியத்துக்கு மேல் எகிறினால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஆச்சிக்கு இவை அத்தனையும் வந்தன. கேட்டபோது, ‘உடம்பிலிருக்கும் கழிவு வெளியேறுகிறது’ என்று பதில். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் குறைந்த ரிப்போர்ட்டைக் காட்டி, ‘நோய் போய்க்கொண்டிருக்கிறது’ என்றார்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால் அந்த இரண்டும் குறையத்தான் செய்யும்.

மூன்றாவது டப்பா தீர்ந்ததும் வலி இரண்டு மடங்காகத் திரும்பியது. கூடவே ஓங்கரிப்பு, எழுந்தால் மயக்கம், கை தூக்க முடியாத அசதி. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும்போது, சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. திடீரென்று வெளியிலிருந்து வருவது நின்றால் அந்தச் சுரப்பி தரவேண்டிய கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு உடம்பில் இல்லாமல் போய், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கு எடுத்த கார்டிசால் மிகக் குறைவு. வேறெந்த ஸ்டீராய்டும் அவர் எடுத்திருக்கவில்லை.

ஆகவே, இப்போது இப்படியொரு சூரணத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டப்பாவோடு மருத்துவரிடம் போய், எத்தனை வாரமாக எத்தனை கரண்டி சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். வாந்தி, மயக்கம், கடும் அசதி இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆச்சி மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். அது முழுதாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். நிறுத்திவைத்த மாதங்களில் வலது கை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அரித்த எலும்பு எந்த உணவாலும் எந்த மருந்தாலும் பெரும்பாலும் பழையபடி திரும்ப வளராது. முடக்குவாதத்தில் காலம்தான் மூட்டு. நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் சரியான மருந்தைப் பிடித்துவிட்டால் இந்தச் சாய்வு வராமலே தடுக்க முடியும்.

இரண்டாமவர் சூரணம் வாங்கவில்லை, உணவுச் சீட்டை மட்டும் பின்பற்றினார். காலையில் நெய் காபி, மதியம் 100 பாதாம், இரவு கறியும் தேங்காய் எண்ணெயும், அவ்வளவுதான். அவர் எடுத்துவந்த சர்க்கரை மாத்திரையில் டபாகிளிஃப்ளோசின் இருந்தது. பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகள் (டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனகிளிஃப்ளோசின்) சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. விலை குறைந்துவிட்டதால் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். மெட்ஃபார்மினோடு சேர்ந்த ஒரே மாத்திரையாகவும் வருகிறது, அதனால் உள்ளே இருப்பதே தெரியாது. இதோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் அளவு மீறிச் சேரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். ஆனால் குளுக்கோமீட்டரில் 150, 180 என்று சாதாரணமாகக் காட்டும், வீட்டில் யாரும் பயப்பட மாட்டார்கள். அவரும் இரண்டு நாள், உணவு மாற்றத்தில் முதலில் வரும் ‘கீட்டோ காய்ச்சல்’ என்று நினைத்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்து, மூச்சு வாங்கியபின் ஐ.சி.யு.வில் சேர்க்கப்பட்டார். இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர் கடுமையான கீட்டோ உணவு தொடங்கவே கூடாது. மருத்துவர் அதை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றிச் சில நாள் கழிந்தபிறகுதான் அந்தப் பேச்சு.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கம்: சோறு குறைந்த அன்றே சர்க்கரை தாழ்ந்து விடியற்காலையில் வியர்த்து மயங்கலாம். உணவைக் குறைக்கும் நாளிலேயே இவற்றின் அளவையும் குறைக்கவேண்டும். ஹைட்ராக்சிக்குளோரோகுயினும் சர்க்கரையைச் சற்று இறக்கும் என்பதால் வாத நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான். மாவுச்சத்து குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும், அழுத்தம் இறங்கும். முதல் வாரத்தில் குறையும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி இந்த நீர்தான். ‘ஒரே வாரத்தில் மூன்று கிலோ’ என்று விளம்பரத்தில் காட்டுவது கொழுப்பு அல்ல.

மூன்றாமவருக்கு இருந்தது முடக்குவாதமே இல்லை, கால் கட்டைவிரலில் யூரிக் ஆசிட் வாதம். அவருக்கும் அதே சீட்டு. யூரிக் ஆசிடைக் குறைக்கும் ஃபெபுக்சோஸ்டாட் மாத்திரையை நிறுத்தச் சொன்னதோடு, தினம் ஈரலும் நெத்திலியும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். கீட்டோன் கூடும்போது சிறுநீரகம் யூரிக் ஆசிடை வெளியேற்றுவது குறைகிறது; முதல் சில வாரங்களில் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். அதன்மேல் உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் நிறைந்த ஈரலும் நெத்திலியும் சேர்ந்ததில் இரண்டு முழங்காலும் வீங்கிப் படுக்கையில் விழுந்தார். மத்தி மீனையே எடுத்துக்கொள்ளுங்கள்: முடக்குவாதக்காரருக்கு நல்லது, யூரிக் ஆசிட்காரருக்கு அளவோடுதான். எல்லா மூட்டுவலிக்கும் ஒரே சீட்டு கொடுப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

முகாமில் ‘விஞ்ஞான ஆதாரம்’ என்று காட்டுவது பெரும்பாலும் 2015-இல் வந்த ஓர் ஆய்வு. கீட்டோன்களில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்சிபியூட்ரேட், அழற்சியைத் தூண்டும் என்.எல்.ஆர்.பி.3 என்ற அமைப்பை அடக்குகிறது என்பது அதன் முடிவு. நல்ல ஆய்வுதான், ஆனால் எலிகளிலும் செல்களிலும் செய்தது. 1991-இல் நார்வே மருத்துவர்கள் முடக்குவாத நோயாளிகளைச் சில நாள் உபவாசம் இருக்கச் செய்து, பிறகு ஒரு வருடம் சைவ உணவில் வைத்துப் பார்த்ததில் பலன் தெரிந்தது. அது கறியும் நெய்யும் அல்ல, அதற்கு நேரெதிரான உணவு. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2022-இல் கொடுத்த வழிகாட்டுதலில், மீன், காய்கறி, பருப்பு, கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் கொண்ட மத்தியதரைக்கடல் உணவைத்தான் நிபந்தனையோடு பரிந்துரைத்தது; கீட்டோ உட்பட மற்ற பெயர்சூட்டிய உணவுமுறைகளைப் பரிந்துரைக்கவில்லை. எந்த உணவும் மருந்துக்கு மாற்று என்று அதில் சொல்லப்படவில்லை.

‘கார்ப் இல்லாத கவுனி அரிசி’ என்று கிலோக் கணக்கில் விற்றதையும் சொல்லவேண்டும். கவுனி நல்ல அரிசி. நாரும் கருநிறச் சத்தும் உண்டு. ஆனால் நூறு கிராம் அரிசியில் எழுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். ஆச்சிமார் விசேஷ வீடுகளில் செய்யும் கவுனி அரிசி இனிப்பில் சர்க்கரையும் தேங்காயும் வேறு சேர்கிறது. கவுனியைக் ‘கார்ப்’, அதாவது மாவுச்சத்து, இல்லாதது என்று விற்பது சுத்தப் பொய்.

மருத்துவர் ஒப்புதலோடு மாவுச்சத்தைக் குறைக்க விரும்பினால் நம் சமையலிலேயே வழி இருக்கிறது, பேக்கேஜ் தேவையில்லை. ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் என்பது கீட்டோ. 130 கிராமுக்குள் என்பது மிதமான குறைப்பு. வாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இரண்டாவதில் தொடங்குவதே பாதுகாப்பு. வடித்த சோறு ஒரு கப் சுமார் 45 கிராம், ஓர் இட்லி பத்துக்கு மேல். மதியம் அரைக் கப் சோறு போதும். அதோடு கோழிச் சுக்கா, நண்டு ரசம், வாழைத்தண்டு, கோவைக்காய், முருங்கைக்கீரை என்று தட்டை நிரப்பலாம். வெண்டைக்காய் மண்டிக்கு ஊற்றும் அரிசி கழுவிய தண்ணீரைக் கணக்குப் பார்க்கவேண்டாம், அதில் இருப்பது சொற்பம். பணியாரம், கும்மாயம், சீடையை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் மத்தி, காணாங்கெளுத்தி வாரம் இரண்டு மூன்று நாள். எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். உப்புக்கண்டம் பிரஷர் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெயை மேசைக்கரண்டிக் கணக்கில் குடிக்கவேண்டாம். ஒரு கரண்டியிலேயே சுமார் 12 கிராம் நிறைகொழுப்பு. முடக்குவாதம் இருந்தாலே மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்; அதில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறுவதை விளையாட்டாக எடுக்க முடியாது. தொடங்கும்முன் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை லிப்பிட் பாருங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அளவோடு போதும். தினம் 100 பாதாம் என்பது எழுநூறு கலோரி, ஆக்சலேட்டும் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இருபதோடு நிறுத்துங்கள்.

பணம் கட்டிவிட்டவர்களுக்கு: பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்சப் செய்திகள், உணவுச் சீட்டு, விளம்பர நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். ஆச்சி வாங்கிய டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் மட்டும்தான் இருந்தது. அது உணவு விற்க வாங்கிய உரிமம், நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் அனுமதி அல்ல. முடக்குவாதம், சர்க்கரை, உடற்பருமன் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருட மருந்துகள், மந்திர நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி கிடைக்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போடவேண்டும். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

புகார் போனது தெரிந்ததும், ‘மீதிச் சூரணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பணத்தைத் தந்துவிடுகிறோம்’ என்று ஆச்சி வீட்டுக்கு ஆள் வந்தது. கொடுக்காதீர்கள். டப்பாவும் அதில் மிச்சமிருக்கும் பொடியும்தான் உங்கள் சாட்சி. மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.