பழைய ஆர்முக்குக் கறுப்புப் பெயிண்ட், பில்லில் புது ஆர்ம்

கோவையில் வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எனக்கு 6,800 ரூபாயும் ஒரு டயரும் போயிற்று. அது போகட்டும். பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு 1,100 கிலோமீட்டர் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன், அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

வண்டி 2011 மாடல் செடான். பின்சக்கரங்கள் தனித்தனி ஆர்ம்களில் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கிற இரும்புக் கைகள்) நிற்கும் வகை. இடது பின் கீழ் ஆர்மில் ரப்பர் புஷ் (போல்ட் போகிற துளையில் அதிர்வைத் தாங்க ஏற்றியிருக்கும் ரப்பர் உருளை) கிழிந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக் டொக்கென்று சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்மைக் கழற்றினேன். டோ என்பது சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். கழற்றுமுன், அந்த டோ வைக்கிற கேம் போல்ட்டின் (திருப்பினால் ஆர்மை நகர்த்துகிற, மையம் விலகிய வட்டுள்ள போல்ட்) வட்டும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டேன். பழைய புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று தெரிய, ஆர்மின் ஓரத்தில் உளியால் சின்னதாக ஒரு வெட்டு. பிரஸ் அடிக்கிற பட்டறையில் புது புஷ் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

திரும்ப மாட்டும்போது ஆர்மின் போல்ட் துளை, ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) பக்கத்துத் துளையோடு சேரவில்லை. அரை விரல் தள்ளி நின்றது. இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, தெரிந்தவர் சொன்ன ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார்.

"ஆர்ம் வளைஞ்சிருக்குங்ணா. இது இனி ஆகாது, புதுசுதான் போடோணும்."

ஆர்மைக் கையோடு கொண்டு போனார். சாயங்காலம் பளபளவென்று கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து, ஒரே தட்டில் மாட்டிவிட்டார். பழையது எங்கே என்றேன். "பழைய இரும்புக் கடையில போட்டாச்சுங்ணா." பில்லில் கையெழுத்தில் 'ஆர்ம் 1' என்று மட்டும். பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. நானும் கேட்கவில்லை.

அன்று எனக்குத் தெரியாததை இங்கே சொல்கிறேன். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரத்தின் மேல் பாரம் இல்லை. ஹப் கீழே இறங்கித் தொங்கும். மற்ற ஆர்ம்களின் புஷ்களும் முறுக்கிக்கொண்டு அதை ஒரு பக்கம் இழுக்கும். அதனால் நல்ல ஆர்மே ஆனாலும் துளை தள்ளித்தான் நிற்கும். ஹப்புக்குக் கீழே ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்கினால் நேருக்கு வந்துவிடும். கொஞ்சம் முன்பின் இருந்தால் ராட்செட் பெல்ட் போட்டு இழுக்கலாம். தொங்குகிற நிலையிலேயே அந்தக் 'புது' ஆர்ம் ஒரே தட்டில் சேர்ந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்கிற அலைன்மெண்ட் கடை. நாலு சக்கரத்துக்கும் காசு வாங்கினார்கள். தாளில் இடது பின் டோ சிவப்பில், அதாவது அளவுக்கு வெளியே, 0.9 டிகிரி, வேலைக்கு முன்னும் அதே, பின்னும் அதே. கேட்டதற்கு, "பின்னாடி செட்டிங் கிடையாதுங்க" என்றார்கள். கேம் போல்ட்டை விரல் நீட்டிக் காட்டினேன். அது துருப்பிடித்திருக்கிறது, தொட்டால் உடையும் என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டார்கள். ஒரு டிகிரி டோ என்றால் கிலோமீட்டருக்கு 17 மீட்டர் பக்கவாட்டில் டயர் ரோட்டில் தேய்கிற கணக்கு. 1,100 கிலோமீட்டரில் உள்பக்கத்தைத் தின்றுவிட்டது. கையை வைத்துத் தடவினால் அரம் மாதிரி இருந்தது.

சக்கரத்தைக் கழற்றி, டீசல் நனைத்த துணியால் ஆர்மைத் துடைத்தேன். கறுப்புப் பெயிண்ட் துணியோடு வந்தது. அடியில் என் உளி வெட்டு. அதற்கு நாலு விரல் தள்ளி, இரும்பு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. கேஸ் வைத்துக் காய்ச்சி, துளைக்கு ஏற்ற மாதிரி என் ஆர்மையே வளைத்திருக்கிறார் அந்த மெக்கானிக். காய்ச்சிய இடத்தில் இரும்பின் பழைய பலம் இருக்காது. பக்கத்திலேயே நான் புதிதாக ஏற்றிய புஷ்ஷின் ரப்பரும் சூட்டில் வெடித்திருந்தது. போனில் கேட்டேன். "நம்மகிட்ட எடுத்தது புதுசுதானுங்ணா" என்று வைத்துவிட்டார்.

கம்பெனி ஸ்பேர் கவுண்டரில், டப்பாவும் பார்ட் நம்பரும் பார்த்து வேறு ஆர்ம் வாங்கி நானே மாட்டினேன். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை மறுபக்கம் டேப்பில் அளந்து, அதே உயரம் வரும்வரை ஜாக்கியால் தூக்கினேன். போல்ட் கையாலேயே உள்ளே போயிற்று. அந்த உயரத்தில் வைத்துத்தான் முறுக்கவும் வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால், வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். வேறொரு கடையில், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கேம் போல்ட்டுக்குத் துரு எண்ணெய் அடித்து, பத்து நிமிடம் பொறுத்துத் திருப்பினார் அந்தத் தம்பி. பின் டோவைச் சரிசெய்து முடித்த பிறகுதான் முன்பக்கத்தைத் தொட்டார்.

யாராவது உங்கள் ஆர்மைக் கழற்றி எடுத்துப்போனால், முதலில் போட்டோ எடுத்து, வெளியே தெரியாத இடத்தில் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுங்கள். பழையதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அலைன்மெண்ட் தாளில் பின்சக்கர வரி பச்சையாகாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வளைத்த ஆர்மும், அந்தப் பில்லும், சிவப்பு வரி உள்ள தாளும் ஒரே சாக்குப்பையில் பத்திரமாக இருக்கின்றன.