வைசியாள் வீதி வீட்டை மைன்கிராஃப்ட்டில் கட்ட எந்தக் கேமரா?

புதுச்சேரியின் வைசியாள் வீதி போன்ற இடங்களில் உள்ள பழைய தமிழர் வீடுகளை, கனசதுர பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்ட்டில் எழுப்புவோர் தூணுக்கு எந்த பிளாக், ஓட்டுக்கு எந்த பிளாக் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்பே முடிவாக வேண்டியது கேமரா. கணினியில் விளையாடும் ஜாவா பதிப்பில் எஃப்5 விசையை அழுத்த அழுத்தத் தன் கண், முதுகுப்பக்கம், முகப்பக்கம் என்று பார்வை மாறும். பல லேப்டாப்களில் கூடவே எஃப்என் விசையும் வேண்டும்.

பிளாக் வைக்கும் வேலைக்குத் தன் கண் பார்வைதான் சரி. பிளாக் ஒன்று ஒரு மீட்டர், கண் 1.62 பிளாக் உயரம். திண்ணை உட்காரும் உயரமா, ரேழி (வாசலை அடுத்த நடை) குனிய வைக்கிறதா என்று நின்ற இடத்திலேயே தெரியும். கை எட்டும் தூரம் உயிர் காத்து விளையாடும் சர்வைவலில் 4.5 பிளாக், தடையின்றிக் கட்டும் கிரியேட்டிவில் 5. மாடியின் விளிம்பில் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி நகர்ந்தால் கீழே விழ மாட்டீர்கள். குறை ஒன்று உண்டு: முகப்பு முழுவதும் கண்ணில் அடங்காது. தூண்களின் இடைவெளி ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று போயிருப்பது தெரியாமலே மேல்தளம் வந்துவிடும்.

அதைப் பிடிக்கத்தான் முதுகுப்பக்கப் பார்வை. ஆனால் அதிலேயே கட்டுவது தப்பு. கேமரா கண்ணுக்கு நேர் பின்னால் 4 பிளாக் தள்ளி நிற்பதால் குறிவைக்கும் இடத்தைப் உங்கள் கதாபாத்திரத்தின் தலையே மறைக்கும்; நடுவில் இருக்கும் குறியும் காணாமல் போகும். ஸ்லாப் (அரை உயர பிளாக்) மேல்பாதியில் உட்காருமா கீழ்பாதியிலா, படி பிளாக் நிமிர்ந்து நிற்குமா கவிழுமா என்பது பக்கச்சுவரின் எந்தப் பாதியில் கிளிக் விழுகிறது என்பதைப் பொறுத்தது. முற்றத்து ஓட்டுச் சரிவில் ஒன்றிரண்டு படிகள் தலைகீழாகக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இன்னொரு சிக்கல்: இரண்டு பிளாக் அகல ரேழிக்குள் திரும்பினால் கேமரா சுவரில் முட்டித் தலைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இடம் போதவில்லை என்று எண்ணிக் கூரையை ஐந்து பிளாக்குக்கு உயர்த்துவார்கள். பிறகு தன் கண்ணில் பார்த்தால் வீடு கல்யாண மண்டபமாக நிற்கும்!

முகப்பக்கப் பார்வை படம் எடுக்க மட்டும். இடது வலது திரையில் மாறித் தெரிவதால் அதில் நடப்பதே கஷ்டம்.

முற்றத்துக்கு இவை எதுவும் போதாது. சுவரையும் ஊடுருவிப் பறந்து பார்க்க மட்டும் உதவும் ஸ்பெக்டேட்டர் மோடைப் பலரும் தொடுவதே இல்லை. உண்மையில் மிகப் பெரிய உதவி அதுதான். கமாண்ட் அனுமதி உள்ள உலகில் எஃப்3 உடன் ஆங்கில N விசையை அழுத்துங்கள். சுவரைத் துளைத்து மேலே போய் நேர்க்கீழே பார்த்தால் நான்கு பக்கச் சரிவும் மூலையில் சேர்கிறதா என்று சட்டென்று தெரியும். மவுஸ் சக்கரம் வேகத்தை மாற்றும். பிளாக் வைக்க முடியாது. தரைக்கு வந்த பின்பே பழைய மோடுக்குத் திரும்புங்கள். சர்வைவலாக இருந்தால் நடுவானிலிருந்து விழுந்து உயிர் போகும்.

கட்டும்போது அமைப்புகளில் உள்ள பார்வைக் கோணம் (எஃப்ஓவி) வழக்கமான 70 இருக்கட்டும். 110 வரை ஏற்றினால் ஓரத்துத் தூண்கள் இழுபட்டுத் தெரியும். முகப்பைப் படம் எடுக்க 30 முதல் 50, தள்ளி நின்று. எஃப்1 திரைக் குறிகளை மறைக்கும். தலை சுற்றுகிறவர்கள் நடக்கும்போது திரை ஆடும் வியூ பாபிங்கை அணைத்துவிடலாம்.

போனில் விளையாடுவோருக்கு எஃப்5 இல்லை. அமைப்புகளில் வீடியோ பகுதிக்குள் போய்க் கேமரா பெர்ஸ்பெக்டிவை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் அப்படிப் போய்வருவது ஆகாத காரியம். கிரியேட்டிவில் ஜம்ப் பொத்தானை இரண்டு முறை தட்டிப் பறந்து, பதினைந்து பிளாக் பின்வாங்கித் தன் கண்ணாலேயே முகப்பைச் சரிபாருங்கள்.