சென்னையில் ஒரு ஜப்பானிய இரவு விருந்து

யோகோஹாமாவில் குடியேறிய நாள் முதல் "அங்கே என்னதான் சாப்பிடுகிறாய்?" என்று தொலைபேசியில் அம்மா கேட்டுவந்த கேள்விக்கு இம்முறை விடுமுறையில் நேரிலேயே விடை சொல்லிவிட வேண்டும் என்று எண்ணி, அப்பா, அம்மா, அத்தை, அக்கா ஆகியோரைச் சென்னையிலுள்ள ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒரகடத்தில் நிசான்-ரெனோ கூட்டு ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் இயங்கும் ஜப்பானிய நிறுவனங்களின் பொறியாளர்களே இங்கே வழக்கமாக வருகிறவர்கள் என்பதால், நமக்காக மசாலா சேர்த்து மாற்றிய சமையலாக இருக்காது என்று நம்பினேன். பக்கத்து மேசைகளில் கேட்ட ஜப்பானியப் பேச்சு அந்த நம்பிக்கையை உறுதிசெய்தது.

எனக்கிருந்த கவலை அத்தையைப் பற்றியது. அவர் வள்ளலார் வழியில் நின்று புலாலை அறவே விட்டவர். ஜப்பானியச் சமையலில் காய்கறிப் பதார்த்தம் என்று வருவதிலும் பெரும்பாலும் தாஷி என்னும் அடிப்படைச் சாறு கலந்திருக்கும். அது கடற்பாசியோடு, கட்சுவோபுஷி எனப்படும் உலர்ந்த சூரை மீன் சீவலையும் சேர்த்து இறக்குவது. நான் வாய் திறப்பதற்கு முன்பே, பரிமாற வந்த இளைஞர், மிசோ என்னும் புளித்த சோயா விழுது கரைத்த சூப்பிலும், டோஃபு என்னும் சோயாப் பால்கட்டியின் சாற்றிலும் மீன் உண்டு என்று தாமாகவே எடுத்துச் சொல்லி, கொம்பு எனப்படும் கடற்பாசியும் உலர்ந்த ஷீடாக்கே காளானும் ஊறவைத்த சாற்றில் அத்தைக்குத் தனியாகச் செய்துதர ஏற்பாடு செய்தார். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் கையாளும் சாறு அதுதான். ஜப்பானிலேயே இவ்வளவு தெளிவான பதில் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. அந்த இளைஞருக்கு நான் மனமார நன்றி சொன்னேன்.

உப்பிட்டு வேகவைத்த பச்சை சோயாக் காய், ஆவியில் வெந்த முட்டைச் சவன்முஷி, இனிப்பு மிசோ தடவிச் சுட்ட கத்தரிக்காய், சால்மன் மீனைப் பச்சையாகவே சீவிய சஷிமி, உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி என்று தட்டுகள் நடுவில் நிறைந்தன. கத்தரிக்காயை அம்மா இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொரித்த டோஃபுவின் மேல் தூவியிருந்த மீன் சீவல்கள் சூட்டில் நெளிந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒன்றை எடுத்து முகர்ந்ததும், "ஏல, இது நம்ம மாசில்லா!" என்றார். தூத்துக்குடியில் பிறந்தவரின் மூக்கு தப்பவில்லை. மாசிக் கருவாடும் சூரையை அவித்து, புகையூட்டி, உலர்த்துவதுதான். அங்கே மெல்லிய ஏடாகச் சீவுகிறார்கள், இங்கே இடித்துச் சம்பலாக்குகிறோம். அதன் பிறகு அப்பாவுக்கு அந்த மேசையில் எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை.

குறை என்றால், எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்ததால், வந்தவுடன் சாப்பிட வேண்டிய டெம்புரா, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம், காத்திருந்து நமுத்துப்போனது. பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேர்த்திருந்தார்கள். உணவகங்கள் இதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதை எடுத்துச் சொன்னதும், மேலாளர் மறுபேச்சின்றி நீக்கிவிட்டு வேறு பில் தந்தார். நீக்கிய தொகையை அந்த இளைஞரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.