ஆறு வருடமாக சென்ஷியின் சமையலோடு

இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, விசில் வரும்வரை ஒரு அத்தியாயம். 'டெலிஷியஸ் இன் டஞ்சன்' என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) எனக்குப் பழக்கமானது இப்படித்தான். ஆறு வருடம் ஓடிவிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பில் 14 தொகுதிகளையும் மூன்று முறை படித்துவிட்டேன்.

கதாநாயகன் லாயோஸின் தங்கை ஃபாலினை டிராகன் விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதற்குள் அவளை மீட்க வேண்டும். கையில் காசும் இல்லை, உணவும் இல்லை. லாயோஸும் அவன் தோழர்களும் வழியில் எதிர்ப்படும் பிராணிகளையே சமைத்துத் தின்றபடி நிலவறைக்குள் இறங்குகிறார்கள்.

இவ்வளவு பயங்கரமான கதை எப்படி மனசுக்கு இதமாக இருக்கிறது? எனக்குக் கிடைத்த பதில் அந்தக் குழுவோடு சேர்ந்துகொள்ளும் சென்ஷி என்ற குள்ளர்தான். சமையலில் அவர் அவசரப்படுவதே இல்லை. தேளின் வாலை நீக்கு, வயிற்றுக்கு ஆகாது என்பார். கொதிக்கும் எண்ணெயைக் கொட்டும் பொறி ஒன்று வருகிறது. பூட்டுத் திறக்கும் சில்சக்கை அதை இயக்க வைத்து, அந்த எண்ணெயிலேயே மாண்ட்ரேக் கிழங்கைப் பொரித்தெடுக்கிறார். மந்திரத்தால் நடமாடும் மண் உருவங்களான கோலம்களின் (golem) முதுகில் காய்கறி பயிரிடுகிறார். இதை எழுதி வரைந்த ரியோகோ குயி ஒவ்வொன்றையும் வெட்டுவது முதல் பரிமாறுவது வரை வரைந்து காட்டுகிறார். சாப்பாட்டை இவ்வளவு மதிக்கும் ஒருவர் கூட இருக்கிறார் என்பதே பெரிய தெம்பு. முகம் சுளித்துக்கொண்டே தட்டை வாங்கும் குழுவின் மந்திரவாதிப் பெண் மார்சில், ஒரு வாய் வைத்ததும் மாறிவிடுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

கடைசித் தொகுதிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்ஃப்கள் என்ற நீள்காது இனத்தார், அரசியல், புதுப்புது முகங்கள் என்று நெரிசலாகி, அடுப்பு பின்னால் போய்விடுகிறது. முதல் வாசிப்பில் பெயர்களே குழம்பின.

ஆனால் சென்ஷியின் இளமைக்கால சூப் வரும் பகுதி (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்) என்னை இன்றும் உலுக்குகிறது. பசியில் கிடந்த சிறுவன் சென்ஷிக்கு மூத்தவர் ஒருவர் கொடுத்த அந்த சூப்பில் இருந்தது கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட பிராணி) இறைச்சிதானா, இல்லை இறந்துபோன தோழனா? பல வருடங்கள் அந்தச் சந்தேகத்தோடே வாழ்ந்தவர், தோழர்கள் சமைத்துத் தந்த ஒரு வாயில் பழைய ருசியை அடையாளம் கண்டு அழுகிறார். மூன்றாவது வாசிப்பிலும் அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

2024-இல் டிரிகர் ஸ்டுடியோவின் அனிமேயும் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) வந்தது. 24 எபிசோடுகள், அருமையாகச் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் முதல் தொகுதியைப் புத்தகமாகவே வாங்குங்கள். அதன் கடைசியில் நடமாடும் கவசத்துக்குள் இருப்பது சிப்பி போன்ற உயிர்களின் கூட்டம் என்று கண்டுபிடித்து, வாட்டியும் வதக்கியும் சாப்பிடுகிறார்கள். அங்கே உங்களுக்குப் பசித்தால் இரண்டாவதையும் எடுத்துவிடுங்கள்.